ஏழாம் நம்பர் கட்டிலும் பிரேக் பிடிக்காத வீல்சேரும்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஓர் அரசு மருத்துவமனையின் ஆண்கள் மருத்துவ வார்டில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. அப்போது அந்த வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர் நான். நோயாளி, நர்ஸ் இருவரும் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்தவற்றின் வரிசையை மாற்றவில்லை, நான் முதலில் எழுதிய அறிக்கையையும் மாற்றவில்லை. அந்த அறிக்கையில் இப்படி ஒரு வரி இருந்தது: "பணியாளர் சரியான நிலையில் நின்று தூக்காததால் காயம் ஏற்பட்டது." ஒரு நிமிடத்தில் எழுதிய வரி. அதைத் திருத்துவதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நோயாளியும் வார்டும்

66 வயது, 74 கிலோ எடை, விவசாயி. மூளையின் வலது பக்கத்தில் அடைப்பு ஏற்பட்டு இடது கை, கால் விழுந்துவிட்டது. சம்பவத்தன்று ஆறாவது நாள். இடது கையில் அசைவு இல்லை என்றே சொல்லலாம். இடது காலைப் படுக்கையில் நகர்த்துவார், தூக்க முடியாது. வலது கை, கால் முழுப் பலத்தோடு இருந்தன. பேச்சு தெளிவு, விழுங்குவதில் சிரமம் இல்லை. யூரின் டியூப் போட்டிருந்தது. இன்னொன்றும் இருந்தது, அன்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை: இடது பக்கம் நின்று பேசினால் அவர் திரும்ப மாட்டார். சாப்பாட்டுத் தட்டில் இடது பாதியை அப்படியே விட்டுவிடுவார். வலது மூளை அடிபட்டவர்களிடம் இதைப் பார்க்கலாம். கண் தெரியும், ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை விட்டுவிடும். அவர் மகன், "அப்பாவுக்குக் காதும் கேட்க மாட்டேங்குது போல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வார்டில் 30 கட்டில், அன்றைய கணக்கு 41. மீதிப் பேர் கட்டில்களுக்கு நடுவே பாயில். காலை டியூட்டியில் ஸ்டாஃப் நர்ஸ் இருவர். பொது மருத்துவமனை வார்டில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 3 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். அது மூன்று டியூட்டிக்கும் சேர்த்து; ஒரு டியூட்டிக்கு என்றால் 15 பேருக்கு ஒருவர், 9 பேருக்கு ஒருவர். எங்கள் வார்டில் அது எத்தனைக்கு எத்தனை என்று வாசிப்பவரே வகுத்துக்கொள்ளலாம். ஹாஸ்பிடல் ஒர்க்கர் ஒருவர் உண்டு. அவர் அந்நேரம் ரத்த சாம்பிள்களோடு லேபுக்குப் போயிருந்தார். நான் வார்டுக்கான பொருட்களைக் கேட்டு வாங்கும் இன்டென்ட் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஸ்டோரில் நின்றிருந்தேன்.

நடந்தது

காலை 11.20. எக்கோ (இதய ஸ்கேன்) அறையிலிருந்து போன்: "ஏழாம் நம்பர் பேஷண்டை இப்பவே அனுப்பினா பார்ப்போம் சிஸ்டர், இல்லேன்னா திங்கட்கிழமைதான்." அன்று வெள்ளி. எக்கோ முடியாமல் டாக்டர் மருந்தை முடிவு செய்ய மாட்டார். டியூட்டியில் இருந்த நர்ஸ், 34 வயது, பத்தாண்டு அனுபவம், வீல்சேரைத் தேடிக் கொண்டுவந்தார்.

கட்டிலின் வலது பக்கம் தலைமாட்டில் லாக்கரும் பெரிய ஆக்சிஜன் சிலிண்டரும் இருந்தன. அங்கே வீல்சேர் நுழையாது. அதனால் இடது பக்கமாக இறக்கலாம் என்று முடிவானது. இடது பக்கம் கால்மாட்டில் வேறொரு நோயாளி பாயில் படுத்திருந்தார். ஆக, வீல்சேருக்குக் கிடைத்த ஒரே இடம் இடது பக்கத் தலைமாடு. கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தவருக்கு அது இடது கைப் பக்கம். விழுந்துபோன பக்கம், அவர் மூளை கண்டுகொள்ளாத பக்கம்.

வீல்சேரின் வலது பிரேக் பிடித்தது. இடது பிரேக் லீவர் கீழே இறங்கும், ஆனால் டயரைத் தொடாது. வார்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கால் வைக்கும் தட்டுகள் துருப்பிடித்து மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தன.

"ஐயா, வலது கையை என் கழுத்துல போட்டுக்குங்க. தம்பி, நீங்க அந்தப் பக்கம் அக்குளுக்குக் கீழ கையக் கொடுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னதும் தூக்குவோம்."

மகன் "ரெண்டு" என்றபோதே தூக்கிவிட்டார். மூன்று சொல்லும்போதா, சொல்லி முடித்த பிறகா என்று யாரும் பேசிக்கொள்வதில்லை. எங்கள் வார்டில் பாதிப் பேர் இரண்டரையில் தூக்குவார்கள். பெரியவர் எழுந்தார். இடது முழங்கால் மடங்கியது. உடல் இடது பக்கம் சாய, தொடை வீல்சேரின் கைப்பிடியில் இடித்தது. பிரேக் பிடிக்காத சக்கரம் பின்னால் நகர, வீல்சேர் அரை வட்டம் திரும்பியது. பயத்தில் பெரியவரின் வலது கை நர்ஸின் கழுத்தை இறுக்கியது. முன்னால் குனிந்து, இடுப்பைத் திருப்பிய நிலையில் இருந்த நர்ஸின் மேல் அவர் எடை முழுக்க வந்து விழுந்தது. மகன் கையில் எஞ்சியது அப்பாவின் இடது கை மட்டும். அவர் அதை விடாமல் மேல் நோக்கி இழுத்துப் பிடித்திருந்தார். விடச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை.

நர்ஸ் அவரோடு சேர்ந்தே தரையில் உட்கார்ந்தார். தலை அடிபடவில்லை. ஆனால் யூரின் பை கட்டிலின் வலது பக்கக் கம்பியில் மாட்டியபடியே இருந்தது. டியூப் கட்டிலுக்குக் குறுக்கே நாண் மாதிரி விறைத்து நின்றது. பக்கத்துக் கட்டில் நோயாளியின் மனைவிதான் முதலில் கவனித்து, "அம்மா, டியூப்பு, டியூப்பு!" என்று கத்தினார்.

பிறகு

பெரியவருக்கு மூன்று நாள் சிறுநீரில் ரத்தம் வந்து நின்றது. இடது தோளில் வலி. தோள் எலும்புக்கும் மேல்கை எலும்பின் உருண்டைக்கும் நடுவே ஒரு விரல் பதிகிற அளவு பள்ளம். தோள் மூட்டைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் தசைகள்தான். பக்கவாதத்தில் அவை தளர்ந்துவிட்டால் கையின் சொந்த எடையே மூட்டைக் கீழே இறக்கும். அந்த நிலையில் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் கையைப் பிடித்து இழுப்பதும் மூட்டை இன்னும் விலக்கும். அந்தப் பள்ளம் அன்றே வந்ததா, ஏற்கெனவே லேசாக இருந்து அன்று முற்றியதா என்று சொல்ல முடியாது. அட்மிஷனின்போது தோளை யாரும் தொட்டுப் பார்த்து எழுதவில்லை.

நர்ஸ் டியூட்டியை முடித்து, அடுத்த டியூட்டிக்காரரிடம் நோயாளிகள் விவரத்தைச் சொல்லி ஹேண்ட் ஓவர் கொடுத்து, பஸ்ஸில் நின்றபடியே வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. வலது காலில் பின்தொடையிலிருந்து சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்வது போல வலி. எம்.ஆர்.ஐ.யில் இடுப்பின் கீழ்முனையில் எல் 5, எஸ் 1 எலும்புகளுக்கு இடையே ஜவ்வு விலகி நரம்பை அழுத்தியிருந்தது. ஆபரேஷன் இல்லாமல் தேறினார். ஏழு வாரம் ஆனது. தொகுப்பூதியப் பணி என்பதால் அந்த ஏழு வாரத்தில் எத்தனை நாளுக்குச் சம்பளம் வந்தது என்பது தனிக் கதை.

முதல் அறிக்கை ஏன் தவறு

"முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கு, சுமையை உடம்போடு அணைத்துத் தூக்கு." முதலாம் ஆண்டிலிருந்து நாங்கள் படித்ததும் சொல்லிக்கொடுப்பதும் இதுதான். அரிசி மூட்டைக்குப் பொருந்தும். மூட்டைக்குக் கை கிடையாது, பயந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளாது. கட்டில் விளிம்பில் இருக்கும் மனிதரிடம் முழங்காலை மடக்கி நெருங்கப் போனால் கட்டில் சட்டம் முழங்காலில் இடிக்கும். குனியாமல் வேலை நடக்காது.

குனிந்தால் என்ன ஆகும் என்று ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். இடுப்பின் கீழ்முனையில் உள்ள ஜவ்வு ஏற்றக் கட்டையின் நடுத்தாங்கி மாதிரி. அதற்கு ஏறக்குறைய 5 செ.மீ. பின்னால் இருந்து முதுகுத் தசை இழுக்கிறது. கையில் உள்ள சுமை 40 செ.மீ. முன்னால். ஆக ஒவ்வொரு கிலோவுக்கும் தசை 8 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். 20 கிலோ தூக்கினால் 160. தூக்குகிறவரின் இடுப்புக்கு மேலான சொந்த உடம்பு 30 கிலோ என்று வைத்து, அது 20 செ.மீ. முன்னால் சாய்ந்தால் இன்னொரு 120. இவற்றோடு சுமையும் உடம்பும் நேரடியாக அழுத்தும் 50. மொத்தம் 330 கிலோ. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நையாஷ், இடுப்பு ஜவ்வுக்கு வைத்திருக்கும் எல்லை 3400 நியூட்டன், சுமார் 347 கிலோ. வெறும் 20 கிலோவிலேயே வாசலுக்கு வந்துவிட்டோம். 74 கிலோவை இருவர் சரிபாதியாகப் பகிர்ந்தாலும் ஆளுக்கு 37; அதே கணக்கில் 480-ஐத் தாண்டும். இதில் இடுப்பு திரும்பியதும் திடீர் உதறலும் சேரவில்லை. சரிபாதியாகப் பகிர்வதும் ஏட்டில்தான்.

இதையே ஆய்வகத்தில் அளந்து பார்த்தவர்கள் உண்டு. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் மாராஸ் குழு 1999-இல் வெளியிட்ட ஆய்வில், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் வெவ்வேறு முறைகளை ஒப்பிட்டார்கள். இருவர் சேர்ந்து செய்தபோதும் முதுகுக்கான ஆபத்து நீங்கவில்லை. நையாஷைச் சேர்ந்த தாமஸ் வாட்டர்ஸ் 2007-இல், நோயாளியைக் கையால் தூக்க உச்ச வரம்பு 35 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 16 கிலோ என்று எழுதினார். அதுவும் நோயாளி ஒத்துழைத்து, திடீரென அசையாமல் இருந்தால். பெட்டி தூக்க நையாஷ் வைத்த உச்சமே 23 கிலோதான். ஒரு மனிதக் கால் உடல் எடையில் ஆறில் ஒரு பங்கு. எங்கள் பெரியவரின் ஒரு கால் மட்டும் 12 கிலோ. இந்தக் கணக்கில் எந்தப் பெரிய ஆளையும் கையால் முழுதாகத் தூக்கவே கூடாது என்றாகிறது. பிரிட்டனில் நர்ஸ்களின் அமைப்பான ராயல் நர்சிங் கல்லூரி 1996-இல் அந்த முடிவுக்கே வந்தது: உயிருக்கு ஆபத்தான நேரம் போன்ற விதிவிலக்குகள் தவிர, நோயாளியின் முழு எடையையோ பெரும்பங்கையோ கையால் தூக்குவதை ஒழிக்க வேண்டும் என்று. அக்குளில் கைகொடுத்துத் தூக்கும் முறை அங்கே கைவிடப்பட்ட முறைகளில் முதல் வரிசையில் இருக்கிறது. டெக்சஸ் மாநிலம் 2005-இல் இதற்கென்று சட்டமே கொண்டுவந்தது. நம் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, காயம் உண்டாக்கக்கூடிய பாரத்தை யாரையும் தூக்க வைக்கக்கூடாது என்றது. அது தொழிற்சாலைக்கு. வார்டு தொழிற்சாலை இல்லையே.

எனவே "சரியான நிலையில் நின்று" தூக்கியிருந்தாலும் அந்த முதுகு தப்பியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தூக்கும் முறை பற்றிய பயிற்சி மட்டும் முதுகுவலியைத் தடுப்பதில்லை என்றே 2011-இல் வந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் திரட்டும் சொன்னது. பயிற்சியோடு கருவியைச் சேர்த்த ஆய்வுகளிலும் அவர்களுக்குப் பலன் தென்படவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. கருவி வாங்குவது ஒன்று, அது கட்டிலருகே வருவது வேறொன்று என்பது என் அனுபவம். எங்கள் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் ஒரு நோயாளி தூக்கும் இயந்திரம் இருந்தது, துணி போர்த்தி. நோயாளியைத் தாங்கும் துணியான ஸ்லிங் ஒன்றே ஒன்று. அது துவைக்கப் போனால் இயந்திரம் சும்மா நிற்கும். பேட்டரி சார்ஜில் போட்டு எத்தனை நாள் ஆனது என்று கேட்டதற்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிசியோ நோட்டில் இருந்த வரி

விசாரணைக்காகக் காகிதங்களைச் சேர்த்தபோதுதான் அது கிடைத்தது. சம்பவத்துக்கு இரண்டு நாள் முன்பு பிசியோதெரபிஸ்ட் வந்து பார்த்துவிட்டுத் தன் ரெஜிஸ்டரில் எழுதியிருந்தார்: "விளிம்பில் தானாக உட்காருகிறார். வலது காலில் எடை தாங்குகிறார். ஒருவர் உதவியோடு எழுந்து நிற்கிறார்."

எழுந்து நிற்கக்கூடிய மனிதரைத்தான் நாங்கள் மூட்டையாகத் தூக்கியிருக்கிறோம்.

அந்த ரெஜிஸ்டர் பிசியோதெரபி அறையில் இருக்கும். கேஸ் ஷீட்டில் "பிசியோ பார்த்தார்" என்று மட்டும் இருந்தது. எங்கள் ஹேண்ட் ஓவரில் பி.பி., சுகர், யூரின் அளவு, மாத்திரை எல்லாம் சொல்வோம். இவர் எப்படி எழுவார், எந்தக் கால் நிற்கும் என்று சொல்லும் வழக்கமே இல்லை. "ஸ்ட்ரோக் பேஷண்ட்" என்றால் தூக்க வேண்டியவர் என்று அர்த்தம், அவ்வளவுதான். அன்று காலை அந்த நர்ஸ் நன்றாகத் தூங்கி வந்திருந்தாலும், வீல்சேரின் பிரேக் பிடித்திருந்தாலும், அவர் கையில் இருந்த தகவல் இவ்வளவே. தவறு வெள்ளிக்கிழமை 11.20-க்கு நடக்கவில்லை. புதன்கிழமையே நடந்துவிட்டது.

இரண்டாம் முறை

தோளுக்கு ஓய்வு கொடுத்து, ஐந்து நாள் கழித்து அதே பெரியவரை அதே வீல்சேருக்கு மாற்றினோம். பிசியோதெரபிஸ்ட் சொல்லச் சொல்ல நான் செய்தேன். மகன் நின்று பார்த்தார். இதை நிதானமாகவே சொல்கிறேன்.

லாக்கரையும் சிலிண்டரையும் நகர்த்தவே ஐந்து நிமிடம். யூரின் பையை வலது பக்கத்துக்குக் கொண்டுவந்து, வீல்சேரின் கீழ்க் கம்பியில் முதலிலேயே மாட்டினோம். இடது கையை முக்கோணத் துணியில் தொங்கவிட்டோம். அவர் இடுப்பில் நாலு விரல் அகலக் கெட்டி நாடா பெல்ட், பின்பக்கம் பிடிக்க இரண்டு வளையம். பெரியவரே வலது பக்கம் ஒருக்களித்து, வலது முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். நான் கால்களை மட்டும் இறக்கினேன். படுத்தபோது பி.பி. 146, உட்கார்ந்ததும் 130. தலை சுற்றுகிறதா என்று கேட்டு இரண்டு நிமிடம் அப்படியே விட்டோம். நாட்கணக்கில் படுத்திருந்தவரை உட்கார்ந்த கையோடு எழுப்பினால் பலருக்குக் கண் இருட்டும்.

வீல்சேர் இப்போது அவருடைய வலது கைப் பக்கம், கட்டிலை ஒட்டிச் சற்றுச் சாய்வாக. துருப்பிடித்த தட்டுகளைக் கழற்றியிருந்தோம். பழுதான சக்கரத்துக்கு மரக்கட்டை. "ஐயா, கொஞ்சம் முன்னால நகர்ந்து உட்காருங்க. வலது பாதத்தைப் பின்னால இழுங்க, முழங்காலுக்குக் கீழ வரட்டும். என் கழுத்த விடுங்க, நாற்காலியோட அந்தப் பக்கத்துக் கைப்பிடியப் பிடிங்க." கழுத்தைவிட நாற்காலிக் கைப்பிடி அவருக்குக் கூடுதல் நம்பிக்கை தந்தது என்பதை அவர் முகத்தில் பார்த்தேன். என் இரு முழங்கால்களாலும் அவருடைய இடது முழங்காலை முன்னாலிருந்து அண்டக் கொடுத்தேன், மடங்காதபடி. "மூக்கு கால் பெருவிரலுக்கு நேரா வர்ற மாதிரி குனிங்க." இதுதான் சூட்சுமம். உட்கார்ந்தவர் குனியாமல் எழ முடியாது. நாமோ மார்போடு அணைத்து நிமிர்த்தியே தூக்கப் பார்க்கிறோம். அவர் குனிந்தார், பின்புறம் தானாகக் கட்டிலைவிட்டு எழும்பியது. "மூணு" என்று சொல்லும்போதே என்று முதலிலேயே பேசிவைத்திருந்தோம்.

எழுந்து, வலது காலில் நின்று, கால் வட்டம் திரும்பி, உட்கார்ந்தார். பெல்ட்டைப் பிடித்திருந்த என் கைகளில் அவர் எடையே தெரியவில்லை. சாயாமல் திசை காட்டியதோடு சரி. மகன், "இவ்வளவுதானா சிஸ்டர்?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்தக் கையை இழுத்தது தான்தான் என்று அவர் ஐந்து நாளாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார்.

அதற்குப் பின் வார்டில்

பெரிதாக எதுவும் வாங்கவில்லை. ஒவ்வொரு கட்டில் தலைமாட்டிலும் ஒரு அட்டை: தானாக எழுவார், ஒருவர் உதவி, தூக்கக்கூடாது. மூன்றாவது அட்டை இருந்தால் ஸ்ட்ரெச்சரை ஒட்டிவைத்து, வழுக்குத் துணியில் நகர்த்த வேண்டும். வழுக்குத் துணி என்பது ரெயின்கோட் தைக்கும் வழவழப்பான நைலான் துணி. இரண்டு அடுக்காகக் குழாய் போல உள்ளூர் டெய்லர் தைத்துக் கொடுத்தார். நோயாளிக்கு அடியில் விரித்தால் ஓர் அடுக்கு மேல் இன்னோர் அடுக்கு நழுவும். மேலே ஏற்றிப் படுக்க வைக்கும் வேலை, தினமும் முப்பது முறை செய்வது, பாதி பலத்தில் முடியும். வேலை முடிந்ததும் உடனே உருவிவிட வேண்டும், இல்லாவிட்டால் நோயாளியே கட்டிலிலிருந்து வழுக்கி இறங்குவார். ஒருமுறை கிட்டத்தட்ட அப்படி ஆனது.

அட்டையை எப்படி முடிவு செய்வது என்பதற்கு, நோயாளி எவ்வளவு தானாக அசைகிறார் என்று பார்க்க அமெரிக்க மருத்துவமனைகளில் பயன்படும் பி-மேட் சோதனையை எங்கள் வசதிக்கு எடுத்துக்கொண்டோம். உட்கார்ந்து எதிரே நீட்டிய கையைக் குலுக்குகிறாரா, காலை நீட்டிப் பாதத்தை அசைக்கிறாரா, எழுந்து ஐந்து எண்ணும்வரை நிற்கிறாரா, நின்ற இடத்தில் காலை மாற்றி வைக்கிறாரா. எந்தப் படியில் தடுமாறுகிறாரோ அங்கே நிறுத்தி, அதற்கேற்ற அட்டை. ஒரு நிமிட வேலை. காலை ஹேண்ட் ஓவரில் சொல்ல ஒரு வார்த்தை. முதல் மாதம் அட்டைகள் பழைய நோயாளியுடையதாகவே தொங்கின. நடந்து டீக்கடைக்குப் போய்வருபவர் தலைமாட்டில் "தூக்கக்கூடாது" என்று இருந்தது, எல்லோரும் சிரித்தோம். பிறகு தலையணை உறை மாற்றும்போது அட்டையையும் பார்ப்பது என்று வழக்கமானது.

டிஸ்சார்ஜ் அன்று பெரியவரின் மனைவிக்குக் கற்றுக்கொடுத்தோம். அவருக்கே 60 வயது இருக்கும். வீட்டில் என்ன கட்டில் என்று கேட்டேன். கயிற்றுக் கட்டில். நடுவில் தொய்ந்திருக்கும் கட்டிலிலிருந்து நல்ல காலுள்ளவரே எழச் சிரமப்படுவார். திண்ணையில் ஒரு மர பெஞ்ச் இருக்கிறது என்றார். அதில் மெத்தை போடச் சொன்னோம். வலது பக்கம் இடமிருக்கிறதா என்று கேட்டதற்கு, "பீரோ இருக்கும்மா, அதை நகர்த்திக்கலாம்" என்றார்.

அறிக்கையைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில் பிசியோ ரெஜிஸ்டர், அடைபட்ட வலது பக்கம், பிரேக், ஆள் கணக்கு என்று வரிசையாக எழுதினேன். கட்டம் போதாமல் பின்பக்கமும் போனது. பழைய அறிக்கை ஏற்கெனவே ஃபைலாகிவிட்டது, இதையும் கூடவே வைத்துவிடுகிறோம் என்றார்கள்.

அந்த நர்ஸ் திரும்பி வந்தபின் ஊசி போடும் அறைக்கு மாற்றப்பட்டார். நான் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டேன். போன வருடம் ஒரு வேலையாக அங்கே போனபோது பழைய வார்டுக்குள் எட்டிப் பார்த்தேன். அட்டைகள் தொங்கின, ஏழாம் கட்டில் அட்டையில் அன்றைய தேதி இருந்தது. வீல்சேர் அதேதான். இடது பிரேக் மறுபடி போயிருந்தது. சக்கரத்துக்கு ஒரு செங்கல் வைத்து, காணாமல் போகாமல் இருக்க அதைக் கயிறு போட்டு வீல்சேரிலேயே கட்டியிருந்தார்கள்.